வாய் கட்டிச் சமைத்தவர்

ஈவ்லின் அம்மாளின் சமையலறைக்குள் நுழைந்ததும் அழகர்சாமி செய்த முதற்காரியம், தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டதுதான். அதன் பிறகே அடுப்பைத் தொட்டார்.

வாசலருகே நாற்காலி போட்டு, கழுத்துவரை கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தார் அவ்வம்மாளின் கணவர் சுவிசேஷமுத்து. வாய்விட்டுச் சிரித்தால் தொண்டை எரியும் என்பதால் கண்களால் மட்டும் சிரித்தார்.

"ஏனுங்க சாமி, கொரோனா போயி எத்தன வருசமாச்சு. இன்னும் மாஸ்க் கழட்டலீங்களா?"

அழகர்சாமி அடுப்பை விட்டுச் சற்றுத் தள்ளி வந்து, துண்டை மோவாய்க்கு இறக்கிக்கொண்டார். "பேசுனா எச்சி தெறிக்குமுங்க. அதுக்குத்தான்."

"எனக்கு ஆக்கறதுக்குமா? நானென்ன உங்க முருகனுங்களா?"

"கை கேக்காதுங்க டீமேக்கரே. அதுக்குத் தெரிஞ்சது ஒரே சமையல்தான்."

துண்டு மறுபடி மேலேறிற்று. பாசிப்பருப்பு வறுபடத் தொடங்கியது. அந்த மணம் வீடெங்கும் பரந்தது. அதை நுகராதவர் அவ்வீட்டில் அவர் ஒருவரே.

ஜெகதளா என்னும் மலையூருக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் நிற்கும் சிறு முருகன் கோயிலின் மடைப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நைவேத்தியம் சமைத்து வருபவர் அழகர்சாமி. அங்கே ஆண்டவனுக்குப் படைக்கும் முன் அவ்வுணவை எவரும் சுவைக்கக் கூடாது, முகர்ந்துவிடவும் கூடாது. சமைப்பவனுக்கு நாக்கும் மூக்கும் இல்லை. கையும் பக்தியும் மட்டுமே உண்டு. திரை விலகி, தீபம் காட்டி, படைத்து முடிந்த பிறகே அது மனிதருக்கு உரியதாகும். அப்படி உரியதாகும்போது அது பிரசாதம் ஆகிவிட்டிருக்கும். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்பார்களே அன்றி, அதற்குக் குறை சொல்லும் வழக்கம் எங்கும் இல்லை. ஆகவே தம் சமையலைப் பற்றி இன்னொருவர் நாவிலிருந்து ஒரு சொல்லும் கேளாமலே அழகர்சாமிக்குத் தலை நரைத்துவிட்டது.

சுவிசேஷமுத்துவோ நாவினாலேயே வாழ்ந்தவர். கோயிலுக்குக் கீழே, அதே சரிவின் நடுவில் உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். அன்றன்று ஆன தேயிலையைக் கோப்பைகளில் வரிசையாக வடித்து, கரண்டியால் அள்ளி, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பி, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு உரைப்பார். இலை வதங்கியது போதவில்லை, சூடு ஒரு மூச்சு அதிகம், புகை தொட்டிருக்கிறது. எந்தத் தேநீரையும் அவர் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லி எவரும் கேட்டதில்லை. தலைசிறந்த கோப்பைக்கும் ஒரு குறை வைத்திருப்பார். அந்தக் குறைதான் அவர் செய்யும் மரியாதை.

விடியலுக்கு முன் அந்தச் சரிவில் விளக்கெரியும் இடங்கள் இரண்டே இருந்தன. மேலே மடைப்பள்ளி, கீழே தொழிற்சாலை. இருளில் ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்துப் பழகிய பழக்கம், பிறகு பெயர் கேட்டு, பிறகு பாறையில் ஒன்றாக அமர்ந்து, கடைசியில் விட்டுப் பிரிய இயலாத நட்பாயிற்று. ஆனால் படைத்த உணவைச் சுவிசேஷமுத்து உண்ணமாட்டார்; அவர் வேதம் அப்படி. அழகர்சாமி ஒருநாளும் நீட்டியதில்லை. இதுகுறித்து இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதும் இல்லை. படைக்காததை அழகர்சாமி சமைப்பதில்லை. படைத்ததைச் சுவிசேஷமுத்து தொடுவதில்லை. இவ்வாறு, அத்தனை ஆண்டு நட்பில் நண்பர் கையால் ஒரு கவளம் உண்ணாமலே அவரும் மூப்பெய்தினார்.

சென்ற மழைக்காலத்தில் அவருடைய நாக்கின் அடியில் கட்டி ஒன்று கண்டது. கோயம்புத்தூரில் வாரக்கணக்கில் கதிர்ச் சிகிச்சை அளித்தார்கள். கட்டி கரைந்தது, அதனோடு சுவையும் கரைந்துபோயிற்று. உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் ஒருசேர விடைபெற்றுக்கொண்டன. "சோத்த வாயில வெச்சா செவுத்துச் சுண்ணாம்ப மெல்லறாப்புல இருக்குதுங்க" என்பார். மென்றதை விழுங்க மனம் வராது. நாளுக்கு நாள் சட்டை தொளதொளத்தது. அடுத்த முறை வரும்போதும் எடை இறங்கியிருந்தால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியாகத்தான் உணவு செலுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எட்டு நாள் கழித்து வரும் திங்கட்கிழமை அந்த நாள்.

"கொழாயில ஊத்தி வளக்கறதுக்கு நானென்ன நர்சரிச் செடியா?" என்று சொல்லிச் சிரிப்பார் சுவிசேஷமுத்து. குழாய் வந்துவிட்டால் பிறகு வாய்க்கு வேலையே இல்லை என்ற அச்சம் அச்சிரிப்புக்குள் இருப்பதை ஈவ்லின் அம்மாளும் அறிவார், அழகர்சாமியும் அறிவார்.

இந்த நேரத்தில்தான் திருப்பூரில் இருக்கும் மகள் மனிஷாவுக்குப் பேறுகாலம் நெருங்கியது. ஈவ்லின் அம்மாள் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா, சாப்பாடு என் பொறுப்பு" என்று அழகர்சாமி வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகே தைப்பூசம் நினைவுக்கு வந்தது. கொடியேறிவிட்டால் மடைப்பள்ளியை விட்டு அவர் அசைய முடியாது. ஆகவே வாரம் முழுமைக்குமான உணவை ஞாயிறு ஒரே நாளில் சமைத்து, குளிர்ப்பெட்டியில் உறைய வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. வேளைக்கு ஒரு டப்பாவை எடுத்து, வெந்நீரில் இறக்கி வைத்து உண்ண வேண்டியதுதான்.

படைக்காத உணவைச் சமைக்கத் தம் கை ஒப்புமா என்று அவர் இரண்டு நாள் கலங்கினார். பிறகு, ஈவ்லின் அம்மாளின் வீட்டில், அவர் அடுப்பில், அவர் பாத்திரத்தில் சமைத்தால் அது அவ்வீட்டு உணவு, படைக்கும் கேள்வியே எழாது என்று தமக்குத் தாமே ஒரு சமாதானம் கண்டார். ஞாயிறு காலை, புல்லெல்லாம் உறைபனி பூத்திருக்க, கையில் ஒரு பரங்கிக்காயுடன் அந்த வீட்டுப் படியேறினார்.

முதலில் நெய் மிதக்கும் குழைந்த பொங்கல். அதனுடனேயே பக்கத்து அடுப்பில் பரங்கிக்காய்க் கூட்டு. இரண்டும் கொதித்துக்கொண்டிருந்தபோது எதிர்ச் சரிவிலிருந்து ஆலய மணி ஒலித்தது. ஆராதனைக்குப் போக முடியாத சுவிசேஷமுத்து நாற்காலியில் இருந்தபடியே தலை தாழ்த்தினார். துண்டு கட்டிய வாய்க்குள் ஓசையின்றித் துதி பாடிக்கொண்டிருந்த அழகர்சாமிக்கும் அந்த மணியோசை இதமாக இருந்தது. அதன் பிறகு கேரட்டும் பருப்பும் கடைந்த கஞ்சி. உருளைக்கிழங்கும் பட்டாணியும் மசித்த ஒரு கூட்டு. இறுதியில் சர்க்கரைப் பொங்கல். எல்லாம் ஆறியபின் டப்பாக்களில் அடைத்து, உண்ண வேண்டிய வரிசையிலேயே அடுக்கி வைத்தார்.

அன்று மதியம் பொங்கலின் முதற்கிண்ணத்தை மீண்டும் சூடாக்கி நண்பர் முன் வைத்தார். சுவிசேஷமுத்து கண்களை மூடினார்.

"ஆண்டவரே, இத ஆக்குன கையையும், இந்த நாக்கையும் நீர்தான் பாத்துக்கணும். ஆமென்."

சின்னஞ்சிறு ஜெபம். அழகர்சாமி தம்மையறியாமல் கைகூப்பி நின்றிருந்தார். தாம் இயற்ற மறந்த காரியத்தை இன்னொருவர் இயற்றி முடித்ததுபோல் அவர் நெஞ்சு இலேசாயிற்று.

சுவிசேஷமுத்து சில கரண்டி உண்டார். மென்றார், வெகுநேரம் மென்றார், தண்ணீரோடு விழுங்கினார்.

"நல்லாருக்குதுங்க சாமி."

அழகர்சாமியின் நெஞ்சில் அச்சொல் கல்லாய் விழுந்தது. தேநீரைக்கூட அப்படிச் சொல்லாத மனிதர். சுவை தெரிந்திருந்தால் இந்நேரம் ஏதேனும் ஒரு குறை வந்திருக்கும்.

திங்களன்று ஈவ்லின் அம்மாள் திருப்பூருக்குக் கிளம்பினார்; மேலே கொடியேறிற்று. மடைப்பள்ளியில் அடுப்பு அணையவில்லை. பூசை முடிந்து துண்டை அவிழ்க்கும் சிறுபொழுதில் அழகர்சாமி தொலைபேசியில் அழைப்பார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருக்குதுங்க."

செவ்வாயும் அதே பதில். புதன்கிழமை பதில் மாறியது. "ம்… சாப்டேன்" என்று மட்டும் வந்தது. சோர்வு முற்றிவிட்டது என்று அழகர்சாமி எண்ணினார். அன்று சந்நிதியில் நின்றபோது வேண்டுதலுக்குச் சொல் வரவில்லை. 'அந்த நாக்கு' என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

வியாழன் உச்சிக்காலப் பூசை முடிந்து துண்டை அவிழ்த்தபோது, அலமாரியில் கிடந்த தொலைபேசியில் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. திரும்ப அழைத்தார், எவரும் எடுக்கவில்லை.

மறுவேளைக்கு ஊறப்போட்ட அரிசியை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தேயிலைக்கிடையே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஓட்டமும் நடையுமாக இறங்கினார். பனியில் கருகிய செடிகள் இருபுறமும் துருநிறத்தில் நின்றன. தனியாக இருக்கும் மனிதர், விழுங்கியது புரையேறியிருந்தால்? மயங்கி விழுந்திருந்தால்? ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு அச்சம் காத்திருந்தது.

கதவு திறந்தே கிடந்தது.

"டீமேக்கரே?"

"வாங்க, வாங்க. ஒரு வா சுடுதண்ணி வெக்கப் போனேன், அதுக்குள்ள போன் அடிச்சு ஓஞ்சிருச்சு."

சுவிசேஷமுத்து மேசையருகே நின்றுகொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். ஒன்றில் பரங்கிக்காய்க் கூட்டு, மற்றதில் கேரட் கஞ்சி. நடுவே ஒரு குவளை வெந்நீர், பக்கத்தில் ஒரு துப்புகிண்ணம், கையில் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெறும்போது கொண்டுவந்த வெள்ளிக் கரண்டி. தேயிலை பார்க்கும் மேசையை அவர் தம் சாப்பாட்டறையில் மீண்டும் விரித்திருந்தார். முகத்தில் புன்னகை இல்லை. பழைய கண்டிப்பு இருந்தது.

"உக்காருங்க. ஒண்ணு கேக்கோணும், மறைக்காமச் சொல்லோணும்."

அழகர்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு அமர்ந்தார்.

"இது நேத்து சாப்புட்டு மிச்சம் வெச்சது. இது இன்னிக்கி எடுத்தது." கரண்டியால் இரண்டையும் சுட்டினார். "இன்னிக்கிதுல உப்பு போட்டீங்களா, இல்லீங்களா?"

கேள்வியின் முதற்பாதிதான் அழகர்சாமியின் செவியில் ஏறியது. உப்பு. அவர் எண்ணம் ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு ஓடிற்று. மடைப்பள்ளியில் அபிஷேகம் முடிந்து திரையிடும்போது ஒரு மணி ஒலிக்கும். அந்த மணியைக் கேட்டதும் அவர் கை உப்பில் நுழையும். அலங்காரம் முடிவதற்குள் உணவு பக்குவமாகிவிடும். எத்தனையோ ஆண்டுகளாக மணிதான் உப்பிட்டது. மனம் துதியில் இருந்தது. ஞாயிறன்று முதலிரண்டு பாத்திரங்கள் கொதித்தபோது எதிர்ச்சரிவு ஆலயத்தின் மணி ஒலித்தது. கை தானே உப்பிட்டுவிட்டது. அதன்பின் ஏற்றிய பாத்திரங்களுக்கு எந்த மணியும் ஒலிக்கவில்லை.

"போடலீங்க" என்றார். "கஞ்சியிலயும் போடல, உருளக்கெழங்குலயும் போடல. மணி அடிக்கலீங்க, கை மறந்துருச்சு. மன்னிச்சுக்கோங்க டீமேக்கரே. சீக்காளிக்கு உப்பில்லாத சோத்தக் குடுத்துட்டேன். இப்பவே போயி…"

எழப்போனவரின் தோளில் நண்பரின் மெலிந்த கை அழுத்திற்று.

"அட, உக்காருங்கங்கறேன். நான் சண்டைக்கா கூப்புட்டேன்? நேத்து கூட்டு சாப்பிடறப்ப, நாக்கோட ஓரத்துல என்னமோ ஒண்ணு தொட்டுது. சும்மா ஈ உக்காந்தாப்புல. உப்போன்னு சந்தேகம். யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டயும் சொல்லல. சொன்னா ஓடிருமோன்னு பயம். இன்னிக்கி எந்திரிச்சதும் இத எடுத்துச் சூடு பண்ணி வாயில வெச்சேன். ஒண்ணுமே இல்ல. மறுபடியும் சுண்ணாம்பு. அவ்வளவுதான், வந்தது போயிருச்சுன்னு இங்கயே உக்காந்து அழுதுட்டேனுங்க."

தண்ணீரை ஒரு மிடறு குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டார்.

"அப்பறம் ஒரு ரோசனை. பேக்டரில ஒரு டீ மட்டமா இருந்தா, கொற எலையிலயா நாக்குலயான்னு ஒடனே சொல்ல மாட்டோம். இன்னொரு கோப்பையப் பக்கத்துல வெச்சுத்தான் பாப்போம். நேத்து மிச்சத்த எடுத்து வெச்சேன். அதக் குடிச்சா, இருக்குது. இதக் குடிச்சா, இல்ல. மறுபடி அது, மறுபடி இது. அப்பறம் உங்க கஞ்சியில ஒரு துளி உப்ப நானே போட்டுப் பாத்தேன்." கரண்டியால் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டினார். "கொற என் நாக்குல இல்லீங்க சாமி. உங்க கஞ்சியிலதான்."

சன்னலுக்கு வெளியே மூடுபனி விலகி, எதிர்மலை முழுவதும் வெயிலில் வெளிப்பட்டிருந்தது. அழகர்சாமி அதைக் காணவில்லை. அவர் கண்முன் இருந்தது தோலும் எலும்புமாய் ஒரு முகம். அதில் ஈரமாக ஒளிரும் இரு கண்கள். திரைக்கு இப்பால் நின்று, உள்ளே நிகழ்வதைப் பாராமலே ஆயுளைக் கழித்தவர் அவர். அவர் படைத்ததையெல்லாம் ஏற்றவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உப்பு மிகினும் குறையினும் ஒரே மௌனம். அந்த மௌனத்தையே அருளென்று கொண்டு அடுப்படியில் நின்றார். இன்று, அவர் கைச்சமையலை உண்ட ஒருவரிடமிருந்து, இறந்துபோனதாக எல்லாரும் கைவிட்ட ஒரு நாவிலிருந்து, முதன்முதலாகச் சொல் பிறந்திருக்கிறது: உப்பில்லை. இதைவிட மேலான பாராட்டை எந்தச் சந்நிதியில் போய்க் கேட்பது? மயிர்க்கூச்செறிந்தது. நெருப்பில் வெந்து வற்றிய ஒரு துண்டுச் சதைக்குள், யாரும் பார்க்காத வேளையில், உப்பு வரும் வழியை மட்டும் முதலில் திறந்துவிட்டது எவர் கை? அதற்கு எப்பெயர் இட்டாலும் போதாது என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து நின்றார், வணங்குவதற்கு எந்தத் திசையும் தெரியாமல், நண்பரை நோக்கியே கைகளைக் குவித்தார்.

"என்னுங்க இது, என்னைப் போயி கும்புட்டுக்கிட்டு" என்று கூசிப்போனார் சுவிசேஷமுத்து. "கையக் கீழ போடுங்க. யாராச்சும் பாத்தா என் சபையில என்னத் தள்ளி வெச்சிருவாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் சுவிசேஷமுத்துவுக்கு இருமல் வந்தது. இருமல் அடங்கியதும், "மத்த டப்பாவயும் எடுங்க" என்றார் பழைய அதிகாரத்துடன். "எது வந்திருக்கு, எது வரலைன்னு இன்னிக்கே பாத்துரலாம்."

உறைந்த டப்பாக்கள் வெந்நீரில் இறங்கின. அழகர்சாமி ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் எடுத்து வைக்க, சுவிசேஷமுத்து கரண்டியால் அள்ளி, பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சி, கண் மூடி, தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தார். உருளைக்கிழங்குக் கூட்டில் உப்பில்லை. அது இருவருக்கும் தெரிந்ததே. மிளகின் காரம் தொண்டையில் மட்டும் எரிகிறது, நாக்கில் ஏறவில்லை. சீரகத்தின் கசப்பு மெல்ல ஒரு முனையில் தொடுகிறது. முதல்நாளின் பொங்கலில் மிஞ்சியதை உறிஞ்சியதும் புருவத்தைத் தூக்கினார்.

"இதுல உப்பு ஒரு கை கூடிப்போச்சுங்க. ஞாயித்துக்கெழமை இதத்தான் நல்லாருக்குன்னு சொன்னேனாக்கும்."

"சொன்னீங்க."

"பொய்யி சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கெழமையும் அதுவுமா."

சர்க்கரைப் பொங்கல் கடைசியாக வந்தது. வெல்லம் கரைந்து, நெய் மினுங்கி, முந்திரி பதிந்திருந்தது. சுவிசேஷமுத்து ஒரு கரண்டி எடுத்தார். நெடுநேரம் நாவில் வைத்திருந்தார்.

"இல்லீங்க" என்றார் இறுதியில். "இனிப்பு இன்னும் வந்து சேரல."

"வருமுங்க."

"வருமோ, வராதோ. டாக்டரே சொல்லல." கரண்டியை அவர் கீழே வைக்கவில்லை. அடுத்த கவளத்தை அள்ளினார். துப்புகிண்ணத்தின் பக்கம் திரும்பாமல் விழுங்கினார். மீண்டும் அள்ளினார். இனிப்பு இல்லாத இனிப்பை, ஏதோ தொலைவில் கேட்கும் ஒன்றைச் செவிசாய்த்துக் கேட்பவர்போல நிதானமாக மென்று, ஒவ்வொரு வாயாக உண்டுகொண்டே இருந்தார். இருமவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கிண்ணத்தின் அடிப்புறம் தெரியலாயிற்று.

மேலே கோயிலில் சாயரட்சை என்னும் மாலைப் பூசைக்கு உலை வைக்க வேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது. அழகர்சாமிக்கு அது நினைவிலேயே இல்லை. மேசையோரம் நின்று, கரண்டி கிண்ணத்திற்கும் வாய்க்குமாகச் சென்று வருவதையே இமையாது பார்த்திருந்தார்.

சுவிசேஷமுத்து காலிக் கிண்ணத்தை மேசைமேல் நகர்த்தி நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க சாமி."

அழகர்சாமி இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.